மரியாதையாக எழுதும் அண்ணாவுக்கு

மாதுங்கா, பம்பாய்
பார்த்திப வருஷம், பங்குனி 3ஆம் தேதி (16-3-46)

கல்பாத்தி மஹாராஜராஜஸ்ரீ அண்ணா அனந்தநாராயணய்யர் அவர்களின் பாதங்களுக்கு, தம்பி வேங்கடசுப்ரமணியன் படுத்தபடியே செய்துகொள்ளும் நமஸ்காரம். குனிந்து நமஸ்கரிக்க டாக்டர் அனுமதி இல்லை. இவ்விடம் நானும் வாலாம்பாளும் க்ஷேமம் என்று எழுதுவது வழக்கமாகையால் எழுதச் சொல்லியிருக்கிறேன். உண்மை நிலவரம் கீழே வருகிறது.

இது என் கையெழுத்து இல்லை என்பதைத் தாங்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டிருப்பீர்கள். மாடி வீட்டுச் சங்கரன் எழுதுகிறான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஸ்டெனோ. தினம் சாயங்காலம் வந்து எனக்குப் பேப்பர் படித்துக் காட்டுவான், வந்த கடிதங்களைப் படிப்பான், போகிற கடிதங்களை எழுதுவான். நல்ல பிள்ளைதான். ஆனால் இன்றைக்கு உட்கார்ந்ததிலிருந்து நாலு தரம், "மாமா, அண்ணாவுக்கு இப்போ லெட்டர் அவசியமா, கட்டு அவிழ்த்தப்புறம் நீங்களே எழுதலாமே" என்று கேட்டுவிட்டான். நான் முப்பத்தொரு வருஷம் ரயில்வே ஆபீஸில் டெஸ்பாட்ச் செக்ஷனைக் கட்டி மேய்த்தவன். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறவனுக்குப் பெயர்தான் குமாஸ்தா, எழுதடா என்றேன். எழுதுகிறான் என்று நம்புகிறேன். எழுதாமல் பேனாவை மட்டும் கீச்சிக்கொண்டிருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி தாதரில் பார்ஸி டாக்டர் என் வலது கண்ணில் புரை எடுத்தது தங்களுக்குத் தெரியும். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையாதே என்று பதினோரு நாள் போட்டிருந்தார்கள். இன்னும் நாலு நாள் வைத்துக்கொள்வதாகத்தான் பேச்சு. அதற்குள் கப்பல் படைப் பையன்கள் வேலைநிறுத்தம், ஊரெல்லாம் கலாட்டா, துப்பாக்கிச் சத்தம். அடிபட்டு வருகிறவர்களுக்குக் கட்டில் வேண்டும், நீர் வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று என்னை எழுப்பிவிட்டார்கள். டாக்ஸி இல்லை, பஸ் இல்லை, டிராம் இல்லை. சங்கரன் எங்கிருந்தோ ஒரு கைவண்டியும் இரண்டு ஆளும் பிடித்து வந்தான். என்னை அதில் மல்லாக்கப் படுக்கவைத்து, வெளிச்சம் படக்கூடாது என்பதற்காகத் தலையிலிருந்து கால்வரை வெள்ளை வேஷ்டியால் மூடி, தலை ஆடாமல் இருக்கக் கயிற்றால் கட்டி, தாதரிலிருந்து மாதுங்காவுக்கு இழுத்து வந்தார்கள். வாலாம்பாள் பக்கத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு நடந்து வருகிறாள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், நீங்களே சொல்லுங்கள். வழியெல்லாம் சத்தம் அடங்கி ஒதுங்குகிறார்கள். யாரோ ஒரு குஜராத்திக்காரர் என் மார்பில் ஒரு பிடி பூவைப் போட்டு, "பிச்சாரா", ஐயோ பாவம் என்றார். கிங்ஸ் சர்க்கிள் கிட்டே நான் பொறுக்கமாட்டாமல், "வண்டியை மெதுவா இழுக்கச் சொல்லுடா" என்று வேஷ்டிக்குள்ளிருந்து கத்தினேன். பக்கத்தில் வந்துகொண்டிருந்தவர் ஒருவர் ஓடியே போய்விட்டாராம். இந்த லக்ஷணத்தில் வீடு வந்து சேர்ந்தேன்.

வந்த நாள் முதல் இந்தக் கட்டிலே கதி. கண்ணுக்கு மேல் பஞ்சு, பஞ்சுக்கு மேல் கட்டு, கட்டுக்கு மேல் பச்சைத் துணி. மார்ச் இருபத்தேழாம் தேதி டாக்டர் வந்து அவிழ்க்கும்வரை இருமக்கூடாது, தும்மக்கூடாது, குனியக்கூடாது, சிரிக்கக்கூடாது, அழக்கூடாது, தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. சிரிக்காமல் இருப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. தும்மல்தான் கஷ்டம். வாலாம்பாள் தாளிதத்தில் மிளகாயை நிறுத்திவிட்டாள், கடுகை நிறுத்திவிட்டாள், இப்போது தாளிதத்தையே நிறுத்திவிட்டாள். ரேஷன் அரிசிக் கஞ்சியும் வெந்த பீர்க்கங்காயும் மூன்று வாரமாகச் சாப்பிடுகிறேன். அது பீர்க்கங்காய்தான் என்பதுகூட அவள் சொல்லித்தான் தெரியும். வருகிற போகிறவர்கள் வாங்கிவந்து வைத்த சாத்துக்குடி மூலையில் குவிந்து அழுகுகிற வாசனை மட்டும் வேளை தவறாமல் வருகிறது.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் என் இடது கண் என்பதை நான் மறைக்கவில்லை. இரண்டு வருஷம் முன்பு அதற்கும் இதே டாக்டர்தான் ஆபரேஷன் செய்தார், நன்றாகத்தான் செய்தார். ஒன்பதாம் நாள் நூரணியிலிருந்து கார்டு வந்தது. பங்காளி ஒருவர் போய்விட்டார், முகம் தெரியாது, பெயர்கூட அன்றைக்குத்தான் கேட்டேன். இருந்தாலும் பங்காளி பங்காளிதானே. போன செய்தி காதில் விழுந்த க்ஷணமே கட்டின துணியோடு தலை முழுக வேண்டும் என்பது விதி. காதில் விழாதவரை தீட்டு இல்லை, விழுந்துவிட்டால் தப்ப வழியில்லை. வாலாம்பாள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நான் தட்டித் தடவிக் குழாயடிக்குப் போய்க் கட்டோடு நனைந்தேன். நாலாம் நாள் கண் சீழ் வைத்தது, பத்தாம் நாள் போயே போய்விட்டது. நீங்கள் இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்தே வந்து இறங்கினீர்கள். வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்து, "மண்டூகம்" என்று ஒரு வார்த்தை சொன்னீர்கள். அப்புறம் நான் அழக்கூடாதென்று எனக்கும் சேர்த்து நீங்களே அழுதீர்கள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

ஆனால் அண்ணா, என் சுபாவம் எனக்குத் தெரியும். நாளைக்கு ஒரு கார்டு வந்து, யாராவது அதைப் படித்து, அது என் காதில் விழுந்தால் நான் மறுபடி எழுந்து குழாயடிக்குத்தான் போவேன். கட்டிப்போட்டாலும் கயிற்றோடு போவேன். அப்பா நமக்குக் கற்றுக்கொடுத்த அத்தனையிலும் இது ஒன்றுதான் எனக்குச் சரியாகப் படிந்தது. இது வாலாம்பாளுக்கும் தெரியும். அதனால் இந்த வீட்டுக்குள் சாவு என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறாள். பங்காளி என்றால் குளிப்பேன், சிநேகிதர் என்றால் அழுவேன், இரண்டும் கண்ணுக்கு ஆகாது, ஆகையால் யாருமே சாகவேண்டாம் என்று வைத்துவிட்டாள். வாசலில் வருகிறவர்களை நிறுத்தி அவள் கிசுகிசுப்பது எனக்குக் கேட்காது என்று நினைக்கிறாள். கண் போனவனுக்குக் காது எவ்வளவு கூர்மை என்று அவளுக்கு யார் சொல்வது.

விளைவைக் கேளுங்கள். என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அறுபது தாண்டினவர்கள். யார் போனார், எப்படிப் போனார், போகும்போது என்ன சொன்னார் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு விஷயம் கிடையாது. அதைப் பேசக்கூடாது என்றதும் ஒவ்வொருவரும் வந்து, "வெயில் ஆரம்பிச்சுடுத்து" என்று சொல்லி, சாத்துக்குடியை வைத்துவிட்டு, அரை மணி மூச்சு விட்டுவிட்டுப் போகிறார்கள். சங்கரன் பேப்பர் படிக்கிற அழகு அதைவிட. "போலீஸ் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. பிறகு எல்லாரும் அவரவர் ஆத்துக்குப் போயிட்டா" என்று படிக்கிறான். எந்தப் பேப்பரில் ஆத்துக்கு என்று அச்சடிக்கிறார்கள்? நாலு பக்கப் பேப்பரில் சாவை எடுத்துவிட்டால் சினிமா விளம்பரமும் வேர்க்கடலை எண்ணெய் விலையும்தான் மிஞ்சுகிறது. அதைத்தான் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கீழ்வீட்டு ஜகந்நாதன் தெரியுமே உங்களுக்கு, நீங்கள் வந்தபோது ரம்மி ஆடினீர்களே, அவர்தான். நான் ஆஸ்பத்திரி போகும்போதே இழுத்துக்கொண்டு கிடந்தார். எப்படியிருக்கிறார் என்று வாலாம்பாளைக் கேட்டேன். "ஜோரா இருக்கார், நேத்திக்குக்கூடப் படியேறினார்" என்றாள். பத்து நாள் முன்பு கீழே கூட்டமும் மந்திரமும் அழுகையுமாக ஒரு காலை பூராவும் நடந்தது. கேட்டால், "அவாத்துல ஏதோ விசேஷம்" என்கிறாள். பாத்திரம் தேய்க்கிற பாயி அந்த நேரம் பார்த்து உள்ளே வந்து, "நீச்சேவாலா புட்டா மர் கயா, மாஜி" என்றாள். வாலாம்பாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். கீழ்வீட்டுக் கிழவர் செத்துப்போய்விட்டார் என்கிறாள். அந்த மனுஷருக்காக எனக்கு அழக்கூட வழியில்லை. முப்பது வருஷம் பம்பாயில் குப்பை கொட்டினவன், "அவ என்னமோ சொல்றாளே, ஹிந்தி எனக்கு எங்கே புரியறது" என்றேன். வாலாம்பாள் பாவம், அதை நம்பிவிட்டாள்.

வாலாம்பாளைப் பற்றியே உங்களிடம் புகார் சொல்ல வேண்டியிருக்கிறது. போன மாதம் இருபத்தெட்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி சுமாருக்கு வாசலில் தந்திச் சேவகன் கூப்பிட்டான். தந்திச் சேவகன் கதவைத் தட்டுகிற தட்டு எனக்குத் தெரியாதா. வாங்கிக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள். யாருக்குத் தந்தி என்று கேட்டதற்கு, "அடுத்தாத்துக்கு, விலாசம் தப்பா வந்துடுத்து" என்றாள். அப்புறம் குளிக்கப் போனாள். காலையில் ஒருதரம் குளித்தவள். அந்த நேரத்தில் இங்கே குழாயில் தண்ணீர் வராது, குடிக்கப் பிடித்துவைத்த டிரம் தண்ணீரை எடுத்து மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்கிறது. ஈரப் புடவை சொட்டச் சொட்ட என் கட்டிலைத் தாண்டிப் போனாள். என்ன என்றேன். "மேலே அழுக்குத் தண்ணி தெளிச்சுடுத்து" என்றாள். அன்று முதல் ஸ்வாமி அலமாரியில் மணிச் சத்தம் கேட்கவில்லை. என்னடி, பூஜை இல்லையா என்றால், மணியின் நாக்கு அறுந்துவிட்டதாம். தினம் விளக்கேற்றினால் எண்ணெய்த் திரி வாசனை வரும், அதுவும் இல்லை. நான் நாளை எண்ணிக்கொண்டேன். கட்டிலில் கிடப்பவனுக்கு வேறு என்ன வேலை. பத்து நாள் இப்படி. பதினோராம் நாள் காலையில் மறுபடி தலை முழுகினாள், மணி அடித்தது. நாக்கு தானாகவே வளர்ந்துவிட்டது போலிருக்கிறது. இப்படிப் பத்து நாள் பூஜையை நிறுத்திச் சோம்பேறித்தனம் பண்ணலாமா என்று தாங்கள் கண்டித்து எழுத வேண்டும்.

இனித்தான் முக்கிய விஷயம். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

தங்கள் கடிதங்கள் எனக்குக் கொஞ்சமும் திருப்தியாக இல்லை. முப்பது வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் கார்டு எழுதுகிறீர்கள். "மண்டூகத்துக்கு" என்று ஆரம்பித்து, "புத்தி வரட்டும்" என்று முடியும். பிப்ரவரி இருபத்தாறாம் தேதி வந்த கார்டுகூட அப்படித்தான். பால் கஞ்சி குடி, யார் செத்தாலும் அசையாதே, அசைந்தாயோ அடுத்த ரயிலில் வந்து அறைவேன் என்று எழுதியிருந்தீர்கள். படித்துக் கேட்டு மனசுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது. அதற்கப்புறம் இரண்டு கார்டு வந்திருக்கிறது. சங்கரன்தான் படித்தான். "சிரஞ்சீவி வேங்கடசுப்ரமணியனுக்கு அநேக ஆசீர்வாதம். உன் தேக சௌக்கியத்தைப் பற்றி மிகவும் சந்தோஷம். டாக்டர் சொற்படி நடந்துகொள்ளவும். இங்கு எல்லோரும் சௌக்கியம்." இது என்ன அண்ணா? இன்ஷூரன்ஸ் கம்பெனி பிரீமியத்துக்கு ரசீது அனுப்புகிறாற்போல் இருக்கிறது. கார்டை வாங்கி மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். உங்கள் கார்டு என்றால் மூக்குப்பொடி நெடி தபால்காரன் படியேறும்போதே வரும். இதில் ஒன்றும் இல்லை. தேங்காயெண்ணெய் வாசனை வருகிறது. சங்கரனிடம் கேட்டேன். "அண்ணா பொடி போடறதை விட்டுட்டாராம் மாமா, கார்டுலயே எழுதியிருக்கார்" என்றான். ஐம்பது வருஷப் பழக்கத்தை ஒரு வாரத்தில் விட்டுவிட்டீர்களாம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

மரியாதை போதும். நீ என்றே எழுதுகிறேன், அப்படித்தான் எனக்கு வரும். உனக்கு என்மேல் என்ன கோபம்? உன் பேச்சைக் கேட்காமல் ஒரு கண்ணைத் தொலைத்தேன், நிஜம். அதற்குத் திட்டு, அடி, ரயிலேறி வந்து மென்னியைத் திருகு. இப்படி அன்னியனுக்கு எழுதுவதுபோல் எழுதாதே. நான் இந்த இருட்டில் ஒரு மாதமாகக் கிடக்கிறேன் அண்ணா. பொழுது விடிந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. செவ்வாய்க்கிழமை கார்டு வரும், நீ என்னைத் திட்டுவாய் என்பதை வைத்துத்தான் வாரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வரி போதும். ஒரு வார்த்தை போதும். சுருக்கமாக எழுது, மண்டூகம் என்று மட்டும் எழுது.

சங்கரன் எழுதுவதை நிறுத்திவிட்டான். மூக்கை உறிஞ்சுகிறான். ஜலதோஷமாம். இந்த மாதுங்காவில் இந்த வெயிலில் ஜலதோஷம் வருமாம். "மாமா, இந்தக் கடைசி நாலு வரி வேண்டாமே" என்கிறான். எழுது என்றேன். எழுதியாகிவிட்டது என்கிறான்.

மன்னிக்கு நானும் வாலாம்பாளும் செய்யும் நமஸ்காரத்தைச் சொல்லவும். உங்கள் பிள்ளைக்கும் மாட்டுப்பெண்ணுக்கும் என் ஆசீர்வாதம். ஆற்றில் இறங்கும்போது படி வழுக்கும், பார்த்து இறங்கவும்.

இங்ஙனம்,
ஒற்றைக் கண்ணும் இன்னும் ஊர்ஜிதமாகாத
தம்பி வேங்கடசுப்ரமணியன்

பின்குறிப்பு:

மன்னிக்கு. சங்கரன் காபி குடிக்க எழுந்து போயிருக்கிறான். இது என் கை. அட்டையின் விளிம்பைத் தடவித் தடவி எழுதுகிறேன், வரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் நிதானமாகப் பிரித்துப் படிக்கவும். மேலே எழுதியதெல்லாம் அந்தப் பிள்ளையின் காதுக்காகவும் வாலாம்பாளின் காதுக்காகவும் சொன்னது. அவர்கள் எனக்காக இவ்வளவு பாடுபட்டு மறைக்கிறார்கள், அது வீணாகிவிட்டது என்று அவர்களுக்குத் தெரியக்கூடாது. அவள் டிரம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டபோதே எனக்குத் தெரியும். பத்து நாள் தீட்டு யாருக்கு என்று கணக்குப் போட எனக்குக் கண் வேண்டியதில்லை. அந்தப் பத்து நாளும் அவள் என் கட்டிலடியில் உட்கார்ந்து வாயில் புடவையை அடைத்துக்கொண்டிருந்ததும் தெரியும்.

நான் குளிக்கவில்லை மன்னி. என்னிடம் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை, ஆகையால் விதிப்படி எனக்குத் தீட்டு இல்லை. தீட்டு காதுக்குத்தான், மனசுக்கு என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. இப்படி ஒரு சந்தில் புகுந்து தப்பிக்கிறேனே என்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கண்ணையும் இழந்தால் அண்ணா என்னை மன்னிக்கவேமாட்டான். அழவும் இல்லை. வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணுகிறேன். காரியங்களை உங்கள் பிள்ளை குறைவில்லாமல் செய்திருப்பான் என்று நம்புகிறேன்.

சங்கரன் இதைத் தபாலில் போடமாட்டான், நேரே வாலாம்பாளிடம் கொடுத்துவிடுவான். அதனால் கவரை நானே ஒட்டிப் பாயியிடம் கொடுக்கிறேன். நீங்கள் பதில் போடவேண்டாம். ஒரு வரி வேண்டாம். உங்கள் பிள்ளையிடமும் எழுதவேண்டாம் என்று சொல்லுங்கள். சங்கரன் செவ்வாய்க்கிழமை மறுபடி ஒரு கார்டு எழுதிப் படிப்பான், கேட்டுக்கொள்கிறேன். இருபத்தேழாம் தேதி கட்டு அவிழ்க்கிறார்கள். டாக்டர் பிரயாணம் செய்யலாம் என்று சொன்ன அன்றே ரயிலேறி வருகிறேன். நீங்கள் உங்கள் வாயால் சொல்லுங்கள், நான் ஆற்றில் முழுகி எழுந்து, பிறகு இருக்கிறதையெல்லாம் அழுதுகொள்கிறேன். அதுவரை எனக்கு அண்ணா இருக்கிறான்.